மேற்கோள் குறிக்குள் 640

அந்த அலுவலகத்தில் நிரல் எழுதுகிறவர்கள் எட்டுப் பேர். எட்டுப் பேரும் எழுதியதை எப்படிப் பயன்படுத்துவது என்று எழுதுகிறவள் ஒருத்திதான். அவளைக் கையேட்டக்கா என்று கூப்பிட்டார்கள். அவளைவிட ஐந்து வயது மூத்த மேலாளரம்மாகூட ஒரு கூட்டத்தில் வாய் தவறி அப்படியே கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அவளுக்கு அந்தப் பெயரில் வருத்தமே இல்லை. சொல்லப்போனால் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

அவர்கள் செய்து கொடுத்த மென்பொருளின் வேலை இதுதான்: ஒரு நிறுவனத்தில் நூறு கம்ப்யூட்டர் இருந்தால், ஓர் ஆள் நூறு முறை உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டாம். செய்ய வேண்டியதை ஒரே பட்டியலாக எழுதிக் கொடுத்தால் போதும். நூறிலும் அது தானே செய்து முடித்துவிடும். பட்டியலில் எந்தச் சொல்லை எங்கே போடலாம், போட்டால் என்ன ஆகும், போடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதெல்லாம் கையேட்டில் இருக்கும். மொத்தம் இருநூற்றுப் பதினான்கு பக்கம். இணையத்தில் யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். அதில் அவள் கை படாத வரி ஒன்றுகூடக் கிடையாது.

தானே ஓட்டிப் பார்க்காத எடுத்துக்காட்டைக் கையேட்டில் ஏற்றுவதில்லை என்று வேலைக்குச் சேர்ந்த வாரமே அவள் தனக்கு ஒரு விதி வைத்துக்கொண்டாள். நிரல் எழுதியவரே வந்து "இது சரிதான்க்கா, அப்படியே போடுங்க" என்று சொன்னாலும் தலையை ஆட்டிவிட்டு, அவர் நகர்ந்ததும் தன் சோதனைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் போடுவாள். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். தன் மனைவி எழுதுகிறவள் என்று அவர் சொன்னால், கதையா கவிதையா என்று கேட்பார்கள். "அதைவிடக் கஷ்டம்" என்பார் அவர். அதற்கு மேல் விளக்க அவருக்கும் தெரியாது.

அவருக்கு ஒரு தங்கை. வீட்டில் குட்டி என்றுதான் பெயர். வயது நாற்பத்தொன்று, உயரமோ கதவு நிலையில் தலை இடிக்கும் அளவு. மூன்று கிளைகள் உள்ள ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் கம்ப்யூட்டர் பிரிவு முழுக்க அவள் பொறுப்பு. நாத்தனாருக்கும் அண்ணிக்கும் சண்டை என்று ஒன்றும் கிடையாது. ஆனால் ஒட்டுதல் என்றும் பெரிதாகச் சொல்லிவிட முடியாது. இருவருமே தங்கள் வேலையில் கெட்டிக்காரர்கள், இருவருக்குமே அது தெரியும், ஆகவே வேலையைப் பற்றி மட்டும் பேசிக்கொள்வதில்லை. குட்டி தங்கள் நிலையத்தில் இந்த மென்பொருளைத்தான் போட்டிருக்கிறாள் என்பதே கையேட்டக்காவுக்குக் கணவர் வழியாகத்தான் தெரியவந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது குட்டி போன் செய்தாள். கையேட்டக்கா பாதித் தலை வாரியிருந்தாள். இந்த நேரத்துக்குப் போன் வந்தால் யாருக்கோ உடம்பு சரியில்லை என்றுதான் மனசு முதலில் ஓடும்.

"அண்ணி, ஒரு ரிப்போர்ட்டும் திறக்க மாட்டேங்குது. மூணு பிராஞ்சுலயும்" என்றாள் குட்டி. குரல் நிதானமாகத்தான் இருந்தது. அளவுக்கு மீறிய நிதானம். "உங்க கையேட்டுப் பக்கத்துல இருந்த மாதிரியேதான் போட்டேன்."

நடந்தது இதுதான். நோயாளிகளின் ரிப்போர்ட்டை வரவேற்பு மேஜையிலிருந்து யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்க முடிகிறது என்று தணிக்கைக்கு வந்தவர்கள் குறிப்பு எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். நியாயமான குறிப்பு. ரிப்போர்ட்டைத் தயாரிக்கும் நிரல் மட்டும் எழுதலாம், டாக்டர்கள் குழு படிக்கலாம், மற்றவர்களுக்கு ஒன்றும் கூடாது என்று மாற்ற வேண்டும். குட்டி கையேட்டில் கோப்புகளின் உரிமையும் அனுமதியும் பற்றிய பக்கத்தைத் திறந்து, உரிமையாளர் யார், குழு எது, அனுமதி என்ன என்ற மூன்றையும் நிரப்பினாள். அனுமதிக்கு எண் 640. ஆறு என்றால் உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம். நாலு என்றால் குழு படிக்க மட்டும் செய்யலாம். பூச்சியம் என்றால் மற்றவர்களுக்குக் கதவு சாத்தியது. உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் இதையே செய் என்ற விருப்பத்தையும் சேர்த்து, கூட்டம் வருவதற்கு முன்னால் காலை ஆறரைக்கு ஓட்டினாள். மென்பொருள் சொன்னபடி மூன்று கிளைகளிலும் செய்து முடித்து, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று பச்சை எழுத்தில் காட்டியது. அதற்குப் பிறகு ஒரு கோப்பும் திறக்கவில்லை.

கையேட்டக்கா சாப்பாட்டு மேஜையிலேயே மடிக்கணினியைத் திறந்தாள். கோப்புகளின் அனுமதி இப்போது என்னவென்று காட்டுகிறது என்று கேட்டாள்.

"ஆயிரத்து இருநூறு" என்றாள் குட்டி. "நான் அறுநூத்து நாப்பதுதான் அண்ணி போட்டேன். ஆயிரத்து இருநூறு எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரியல. உரிமையாளர் எழுதலாமாம், ஆனா படிக்க முடியாதாம். தான் எழுதினதைத் தானே படிக்க முடியாதுன்னா என்ன அர்த்தம்?"

கையேட்டக்காவுக்கு அர்த்தம் உடனே புரிந்துவிட்டது. நாம் பத்துப் பத்தாக எண்ணுகிறோம். கோப்பின் அனுமதி எண்ணோ எட்டெட்டாக எண்ணப்படுவது. 640 என்பதை மேற்கோள் குறிக்குள் போட்டால் மென்பொருள் அதை அப்படியே அனுமதி எண்ணாக எடுத்துக்கொள்ளும். குறி இல்லாமல் போட்டால், வெறும் அறுநூற்று நாற்பது என்று நினைத்து எட்டின் கணக்குக்கு மாற்றிவிடும். அப்படி மாற்றினால் வருவது 1200. இது அவளுக்கு நன்றாகத் தெரியும். கையேட்டில் மேற்கோள் குறியோடுதான் எழுதியிருந்தாள் என்பதும் நன்றாக நினைவிருந்தது.

பக்கத்தைத் திறந்து பார்த்தாள். குறி இல்லை.

எப்படி என்று ஆராய நேரமில்லை. குறி போட்டு மறுபடி ஓட்டச் சொன்னாள். குட்டி இப்போது ஒரு கிளையில் மட்டும் ஓட்டினாள். கோப்புகளின் அனுமதி 640 என்று ஒழுங்காக வந்தது. அப்படியும் நிரலால் ஒரு ரிப்போர்ட்டையும் திறக்க முடியவில்லை.

"கோப்புறைக்கு என்ன காட்டுது?" என்று கேட்டாள் கையேட்டக்கா. அதற்கும் 640 என்றாள் குட்டி. அப்போதுதான் இரண்டாவது கோளாறு கையேட்டக்காவின் கண்ணில் பட்டது. கோப்பைப் படிக்க, படிக்கும் அனுமதி போதும். கோப்புறைக்கு அது போதாது. உள்ளே நுழைய ஒரு தனி அனுமதி வேண்டும். உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் 640 என்று சொன்னால் கோப்புறைகளிலும் அந்த நுழைவு அனுமதி பறிபோய்விடும். இந்த முறை குற்றம் ஒரு மேற்கோள் குறியில் இல்லை. பக்கத்தில் அப்படி ஒரு எச்சரிக்கையே கிடையாது.

எண்ணுக்குப் பதிலாக எழுத்தால் அனுமதி சொல்லும் வழி ஒன்று உண்டு. அதில் பெரிய எக்ஸ் என்ற எழுத்தைப் போட்டால் நுழைவு அனுமதி கோப்புறைகளுக்குக் கிடைக்கும், சாதாரண ரிப்போர்ட் கோப்புகளுக்கு ஒட்டாது. அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, குட்டி திருப்பிச் சொல்லிக்கொண்டே அடித்தாள். ஓட்டினாள்.

"திறந்துடுச்சு" என்றாள் குட்டி. நன்றி என்றோ வேறெதுவுமோ சொல்லாமல் போனை வைத்துவிட்டாள். மற்ற இரண்டு கிளைகள் பாக்கி இருந்தன.

கையேட்டக்கா மேஜையை விட்டு எழுந்திருக்கவில்லை. பக்கத்தின் பழைய பிரதிகளை ஒவ்வொன்றாகப் பின்னோக்கித் திறந்தாள். நாலு வருடம் முன்பு எழுதியபோது குறி இருந்தது. மூன்று வருடம் முன்பும் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் காணாமல் போயிருந்தது. யார் எடுத்தது என்று பார்த்தாள். அவளேதான். பக்கங்கள் பார்க்கச் சுத்தமாக இருக்கட்டும் என்று, தேவையில்லாத மேற்கோள் குறிகளை எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரே வீச்சில் நீக்கிய நாள் அது. நீக்கிய பிறகு எந்த எடுத்துக்காட்டையும் அவள் மறுபடி ஓட்டிப் பார்க்கவில்லை. குறிகளை எடுத்ததற்கு என்ன பெரிய சோதனை என்று விட்டுவிட்டிருந்தாள்.

கணவர் ஷூ மாட்டிக்கொண்டே என்ன ஆச்சு என்று கேட்டார். "தப்பு என்னோடது" என்றாள். அவர், தானும் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு லிஃப்ட்டின் கதவை மாற்றி மாட்டியதாகவும், அந்தக் கட்டடத்தின் பக்கம் இன்றுவரை தலை வைத்துப் படுத்ததில்லை என்றும் சொன்னார். சிரிக்க வைக்கத்தான் சொன்னார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் ஒன்று தோன்றியது: அவர் போகாமல் இருந்தார், தான் போகத்தான் வேண்டும்.

அலுவலகத்துக்குத் தாமதமாக வருவேன் என்று செய்தி அனுப்பிவிட்டு நேரே பரிசோதனை நிலையத்துக்குப் போனாள். பத்து மணி. வரவேற்பில் நல்ல கூட்டம். கணினி சரியாகிவிட்டிருந்தாலும் முதல் ஒன்றரை மணி நேரத்து ரிப்போர்ட்டெல்லாம் கையால் எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தன. பரிசோதனை எந்திரத்தின் திரையில் தெரிந்த எண்களைப் பார்த்து இரண்டு டெக்னீஷியன்களும் குட்டியும் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். ஒருவர் வாசிக்க, ஒருவர் எழுத, இன்னொருவர் சரிபார்க்க. கார்பன் பிரதிகள் ஒரு தட்டில் அடுக்கிக் கிடந்தன. அறுபத்தேழு தாள். குட்டியின் நடுவிரலில் பேனா அழுத்திச் சிவந்திருந்தது.

கையேட்டக்கா வாசலில் நின்றபடியே சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டாள். எடுத்துக்காட்டு தவறு, தவறாக்கியது தான், இரண்டு வருடமாக அப்படியே கிடந்திருக்கிறது. தலைமை டாக்டரிடம் வந்து தானே சொல்வதாகவும் சொன்னாள்.

"அவர் காலையிலேயே கேட்டுட்டார்" என்றாள் குட்டி. "யாரால ஆச்சுன்னு. நான்தான்னு சொல்லிட்டேன்."

"ஏன்?"

"ஒரே நேரத்துல மூணு பிராஞ்சுலயும் ஓட்டினது நான்தானே. ஒண்ணுல ஓட்டிப் பாத்திருக்கணும்." பிறகு தாள்களை அடுக்கிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல், "அதோட, எங்க அண்ணி எழுதினதைப் பாத்துப் போட்டேன்னு சொல்லி உங்களை மாட்டிவிடச் சொல்றீங்களா?" என்றாள்.

பதினாறு வருட உறவில் குட்டி தன்னை இப்படி விட்டுக்கொடுக்காமல் பேசியதை அன்றுதான் அவள் முதன்முறையாகக் கேட்டாள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கையால் எழுதிய ரிப்போர்ட்டுகளைக் கணினியில் ஏற்றும் வேலையில் கூடச் சேர்ந்துகொண்டாள். அறுபத்தேழும் முடியப் பன்னிரண்டரை ஆயிற்று. கிளம்பும்போது தலைமை டாக்டரின் அறைக்குப் போய், நடந்ததைத் தன் வாயாலேயே சொல்லிவிட்டுத்தான் வந்தாள். அவர் கேட்டுக்கொண்டு, இனிமேல் சரியாக இருக்குமா என்று மட்டும் கேட்டார். இருக்கும் என்று சொன்னாள்.

மதியம் அலுவலகத்தில் மேலாளரம்மாவிடமும், கோப்பு சம்பந்தமான நிரல் பகுதியை எழுதியவரிடமும் விஷயத்தைச் சொன்னாள். அந்த நிரலருக்கு அலுவலகத்தில் நிதானம் என்று பெயர். எதைக் கேட்டாலும் "நிதானமா பாக்கலாம்" என்பதுதான் அவரது முதல் பதில். அவர் ஆள் நல்லவர்; தன் நிரலைப் பற்றி ஒரு சொல் சொன்னால் மட்டும் காது சிவந்துவிடும்.

அவர் சொன்னது: நிரலில் ஒரு கோளாறும் இல்லை. எண்ணைக் குறி இல்லாமல் கொடுத்தால் எண்ணாகத்தான் எடுத்துக்கொள்ளும் என்று மூன்றாம் அத்தியாயத்திலேயே எழுதியிருக்கிறது. பக்கத்தில் குறியைத் திரும்பப் போட்டுவிட்டால் விஷயம் முடிந்தது. மேலாளரம்மாவும் சத்தமில்லாமல் திருத்திவிடலாம் என்றே நினைத்தார். பெரிதுபடுத்தினால் பயன்படுத்துகிறவர்கள் மிரண்டுபோவார்கள்.

கையேட்டக்கா ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு வருடமாக எத்தனை பேர் அந்த வரியை நகலெடுத்துத் தங்கள் பட்டியலில் ஒட்டிவைத்திருக்கிறார்களோ. பக்கத்தைத் திருத்தினால் அவர்களுடைய பட்டியல் திருந்திவிடுமா? பக்கத்தின் தலையிலேயே, இங்கே இருந்த எடுத்துக்காட்டு தவறு, எடுத்துப் போட்டவர்கள் உடனே இப்படி மாற்றுங்கள் என்று பளிச்சென்று எழுத வேண்டும் என்றாள். மூன்றாம் அத்தியாயத்தைக் காலை ஆறரை மணிக்கு யாரும் படிப்பதில்லை என்றும் சேர்த்துக்கொண்டாள். நிதானத்தின் காது சிவந்தது.

பேசி ஆகப்போவதில்லை என்று தெரிந்ததும், மறுநாள் கூட்டத்துக்கு வரும்போது ஒரு கட்டு வெள்ளைத்தாளோடு வந்தாள். எட்டுப் பேருக்கும் ஆளுக்கு ஒன்று கொடுத்தாள். ஒரு கோப்புறை, அதற்குள் கோப்புறைகள், அதற்குள் கோப்புகள். உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம், குழு படிக்க மட்டும் செய்யலாம், மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. இதற்குப் பட்டியலில் என்ன எழுதுவீர்கள் என்று கேட்டாள். கையேட்டையும் பார்க்கக் கூடாது, பக்கத்து ஆளையும் பார்க்கக் கூடாது. பெரிய பெரிய ஆட்கள் தேர்வு எழுதும் பிள்ளைகள்போலத் தாளைக் கையால் மறைத்துக்கொண்டு எழுதியது பார்க்க வேடிக்கையாக இருந்தது.

எட்டுத் தாளையும் அங்கேயே தன் சோதனைக் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாக ஓட்டினாள். இரண்டு சரியாக வந்தன. மூன்று பேர் கோப்புறைகளைப் பூட்டிவிட்டிருந்தார்கள். இரண்டு பேர் மேற்கோள் குறியை விட்டிருந்தார்கள். மிச்சமிருந்த ஒன்றில் இரண்டு தவறும் இருந்தன. அது நிதானத்தின் தாள்.

அறையில் யாரும் சிரிக்கவில்லை. அவரவர் தாள் அவரவருக்குத் தெரியுமே. நிதானம் தன் தாளை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "நீங்க எழுதுங்கக்கா. நானும் கொஞ்சம் பாக்கறேன்" என்றார். நிதானமாக என்ற சொல் அன்று வரவில்லை.

அன்று மாலையே பக்கத்தின் தலையில் எச்சரிக்கை ஏறியது. தவறு கையேட்டுடையது, பயன்படுத்தியவர்களுடையது அல்ல என்று அவள் எழுதியதை மேலாளரம்மா ஒருமுறை படித்தார், இன்னொரு முறை படித்தார், ஒரு எழுத்தையும் மாற்றவில்லை.

எச்சரிக்கை சின்ன வேலை. முழுப் பக்கத்தையும் புதிதாக எழுதுவதுதான் பெரிய வேலை. அதற்குப் பன்னிரண்டு நாள் எடுத்தது. உரிமையாளரைச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்? கோப்பு ஏற்கெனவே இருந்தால் பழைய உரிமையாளரே நீடிப்பார்; புதிதாக உண்டானால் பட்டியலை ஓட்டுகிற கணக்கின் பெயரில் போய் விழும். இல்லாத குழுவின் பெயரைக் கொடுத்தால்? வேலை அந்த இடத்திலேயே நின்றுவிடும். அனுமதியைச் சொல்லாமல் விட்டால்? அது கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் மாறும். ஒவ்வொன்றையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஓட்டிப் பார்த்தாள். நூற்று ஐம்பத்து மூன்று விதமாக ஓட்டினாள். அதில் நான்கில், நிரலை எழுதியவர்களே எதிர்பார்க்காத விடை வந்தது. அவற்றைத் தனியாக எழுதி நிதானத்தின் மேஜையில் வைத்தாள். அவர் மறுப்புச் சொல்லாமல் எடுத்துக்கொண்டார்.

பக்கம் முடிந்ததும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. தெரிந்தவளுக்கு எல்லாம் தெளிவாகத்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை குட்டியை வீட்டுக்கு வரச்சொல்லி, பக்கத்தை அச்செடுத்துக் கொடுத்து, உரக்கப் படிக்கச் சொன்னாள். புரிந்ததா என்று கேட்கமாட்டேன், எங்கே நிற்கிறாய் என்று மட்டும் பார்ப்பேன் என்றாள்.

குட்டி படித்தாள். கையேட்டக்கா எதிரே பென்சிலோடு உட்கார்ந்திருந்தாள். குட்டியின் குரல் தடுக்கிய இடத்திலெல்லாம் ஓரத்தில் ஒரு கோடு போட்டாள். கணவர் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, என்ன நடக்கிறது என்று புரியாமல் கொஞ்ச நேரம் நின்றார். மொத்தம் பதினேழு கோடு. ஓரிடத்தில் குட்டி ஒரேயடியாக நின்றுவிட்டாள்.

"இந்த வரியை எடுத்துடுங்க அண்ணி" என்றாள். அது கையேட்டக்காவுக்கு ரொம்பப் பிடித்த வரி. எட்டெட்டாக எண்ணும் முறை எப்படி வந்தது என்பதை அழகாகச் சொல்லியிருந்தாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா வெளியே நாப்பது பேர் உக்காந்திருக்கும்போது எனக்கு இது வேண்டாம். என்ன போடணும்னு முதல்ல சொல்லுங்க. ஏன்னு அப்புறம் சொல்லுங்க."

சுருக்கென்றிருந்தது. ஆனாலும் கோடு போட்டாள். அன்று சாயங்காலமே வரியை எடுத்துவிட்டாள். படிக்கிறவர் செய்ய வேண்டியது முதல் வாக்கியத்தில் வந்தது: "அனுமதி எண்ணை எப்போதும் மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள், கோப்புறைகளும் இருந்தால் எண்ணை விட்டுவிட்டுப் பெரிய எக்ஸ் முறையில் எழுதுங்கள்." அதன்கீழே ஓட்டிப் பார்த்த எடுத்துக்காட்டு. காரணம் அதற்கும் கீழே. பதினேழு கோட்டையும் திருத்தி முடித்தபோது பக்கம் முன்பு இருந்ததைவிட நீளமாகத்தான் இருந்தது, ஆனால் படிக்கப் பாதி நேரம்தான் ஆயிற்று.

மாதக் கடைசியில் மென்பொருளின் புதிய பதிப்பு வந்தது. வெளிவருவதற்கு முந்தின நாள் நிதானம் அவளைத் தன் மேஜைக்குக் கூப்பிட்டு, ஒரு நாற்காலியைக் காட்டினார். குறி இல்லாமல் 640 என்று போட்டு ஓட்டினார். வேலை நடக்கவில்லை. பச்சை எழுத்தும் வரவில்லை. சிவப்பில் "அனுமதி எண்ணை எப்போதும் மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள்" என்று ஒரு வாக்கியம் வந்து நின்றது.

அவளுடைய வாக்கியத்தின் முதல் பாதி. ஒரு எழுத்து மாறவில்லை. இத்தனை வருடம் மென்பொருளைப் பற்றி அவள் எழுதிக்கொண்டிருந்தாள். இப்போது அவள் எழுதியது மென்பொருளுக்கு உள்ளேயே உட்கார்ந்திருந்தது. உலகத்தில் எங்கே யார் அந்தத் தவறைச் செய்தாலும், கோப்பு எதுவும் கெடுவதற்கு முன்னால் அந்த வரி எழுந்து வந்து அவர்கள் கையைப் பிடிக்கும்.

"நான் வேற மாதிரி எழுதிப் பாத்தேன்க்கா. நாலு தடவை. இதைவிட நல்லா வரல" என்றார் நிதானம்.

அவள் நன்றி சொன்னாள். பிறகு, முற்றுப்புள்ளி விட்டுப்போயிருக்கிறது என்று சுட்டிக்காட்டினாள். அவர் சிரித்துக்கொண்டே போட்டார். தன் மேஜைக்குத் திரும்பி வந்தவளுக்கு வேலை ஓடவில்லை. ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடத்தின் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாராவது ஏன் சிரிக்கிறீர்கள் என்று கேட்டிருந்தால், சிரிக்கவில்லையே என்றுதான் சொல்லியிருப்பாள்.

கடிதங்களும் வந்தன. ஒரு துறைமுகத்தில் வேலை செய்கிறவர், எச்சரிக்கையைப் பார்த்துத் தங்கள் பட்டியலைத் தேடியதாகவும், பதினொரு இடத்தில் அதே தவறு இருந்ததாகவும், அடுத்த வாரம் ஓட்டவிருந்ததாகவும் எழுதியிருந்தார். தவறு எங்களுடையது என்று ஒரு கையேடு சொல்லி முதன்முதலாகப் படிக்கிறேன் என்று முடித்திருந்தார். மேலாளரம்மா அதை அச்செடுத்துத் தேநீர் எந்திரத்துக்கு மேலே ஒட்டிவைத்தார். சத்தமில்லாமல் திருத்தலாம் என்று சொன்னவர் அவர்தான் என்பதை அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

இரண்டு மாதம் கழித்து, குட்டியின் நிலையத்தில் ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள். ஊரில் உள்ள வேறு பரிசோதனை நிலையங்களிலிருந்தும் மருத்துவமனைகளிலிருந்தும் கணினிப் பொறுப்பாளர்கள் இருபத்திரண்டு பேர் வந்தார்கள். நடத்தியது குட்டி. அந்தச் செவ்வாய்க்கிழமை நடந்ததை ஒளிவுமறைவில்லாமல் சொல்லித்தான் பாடத்தை ஆரம்பிக்கப்போகிறேன், வந்து கேளுங்கள் என்று அண்ணியையும் கூப்பிட்டிருந்தாள். கையேட்டக்கா அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுப் போய்க் கடைசி வரிசையில், சுவரோரமாக உட்கார்ந்துகொண்டாள்.

குட்டி நன்றாகப் பேசினாள். அறுபத்தேழு கார்பன் பிரதிகளின் கதையைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். பிறகு திரையில் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். இதை வைத்துக்கொண்டால் என் உதவிகூட வேண்டாம் என்று சொல்லி, அரை மணி நேரம் கொடுத்து, அவர்களையே செய்து பார்க்கச் சொன்னாள். அறையில் விசைப்பலகைச் சத்தம் மட்டும் கேட்டது. கையேட்டக்கா திரையைப் பார்க்கவில்லை. படிக்கிறவர்களின் முதுகுகளைத்தான் பார்த்தாள். யாராவது தட்டுவதை நிறுத்தித் தலையைச் சொறிகிறார்களா என்று. இருபத்திரண்டு பேரும் முடித்தார்கள். இருபத்திரண்டும் சரி.

முன்வரிசையில் இருந்த ஒரு பெண், இவ்வளவு தெளிவாக எழுதியது யார் என்று கேட்டாள்.

"எங்க அண்ணி" என்றாள் குட்டி. கையை நீட்டிக் கடைசி வரிசையைக் காட்டினாள். "அதோ உக்காந்திருக்காங்க."

இருபத்திரண்டு தலைகளும் திரும்பின. கையேட்டக்காவுக்கு எழுந்திருப்பதா, உட்கார்ந்தே இருப்பதா என்று தெரியவில்லை. பாதி எழுந்து, தலையை அசைத்து, மறுபடி உட்கார்ந்தாள். குட்டியின் முகத்தைப் பார்த்தாள். பள்ளியில் தன் பிள்ளை பரிசு வாங்குவதைப் பார்க்கிற முகம் அது. அண்ணியைப் பார்த்து நாத்தனார் அப்படி நிற்பதைக் கணவர் பார்த்திருந்தால் நம்பியிருக்கமாட்டார்.

அவளுக்கு முன்னால் இருந்த வரிசையில் கண் மருத்துவமனையிலிருந்து வந்த ஒருவர் இருந்தார். நரைத்த மீசை, கழுத்தில் கயிற்றில் தொங்கும் கண்ணாடி. அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, சரி, எழுதினவங்களே இருக்கும்போது கேட்டுடறேன் என்று ஆரம்பித்தார். அவர்களுடைய கோப்புறையில் சில இடங்களில் அசல் கோப்பு இல்லை, வேறெங்கோ இருக்கும் கோப்புக்குக் குறுக்குவழி மட்டும்தான் இருக்கிறது. உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் உரிமையாளரை மாற்று என்று சொன்னால், மாறுவது குறுக்குவழியின் உரிமையாளரா, அசல் கோப்பின் உரிமையாளரா?

நல்ல கேள்வி. நூற்று ஐம்பத்து மூன்றிலும் இது இல்லை. குட்டி லேசாகக் கவலையோடு அண்ணியைப் பார்த்தாள்.

கையேட்டக்காவுக்குக் கவலை வரவில்லை. தனக்குத் தெரியாத ஒன்று கிடைத்ததில் அவளுக்குக் கையும் காலும் பரபரத்தன.

"எனக்குத் தெரியல. ஓட்டிப் பாத்துட்டு எழுதறேன். வெள்ளிக்கிழமை பக்கத்துல இருக்கும்" என்றாள். பையைத் திறந்து, அவருடைய கேள்வியை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொண்டாள்.